கண் எழுதும் பிரஷ்: சின்னப் பொம்மைகளுக்குச் சாயம் அடிக்கப் புதிதாக வருவோருக்கு

சின்னப் பொம்மைகளுக்குச் சாயம் அடிக்கத் தொடங்குகிறவர்கள் கடைக்குப் போனதும் கேட்பது ஒன்றுதான்: "இருக்கிறதிலேயே மெல்லிசான பிரஷ் எது?" கண் சின்னது, பொட்டு அதைவிடச் சின்னது, ஆகவே பிரஷும் சின்னதாக இருக்கட்டும் என்று ஒரு கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்து, 000 என்று எழுதிய அந்தப் பிரஷால் சாயத்தைத் தொட்டுப் பொம்மையின் முகத்தருகே கொண்டுபோவதற்குள் நுனியில் சாயம் காய்ந்துவிடும். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில், பகல் வெக்கையில், தலைக்கு மேல் காற்றாடி சுழலும் அறையில் இன்னும் சீக்கிரம். கோடு ஓடாது, திட்டுத் திட்டாக ஒட்டும். தனக்குக் கை நடுங்குகிறது என்று முடிவுகட்டி, பொம்மையை மறுபடி அலமாரியில் ஏற்றிவிடுகிறார்கள்.

கை மேல் பழி போடாதீர்கள். அந்தப் பிரஷில் சாயம் நிற்க இடம் இல்லை, அவ்வளவுதான். நுண்ணிய வேலைக்கு நுனி கூராக இருக்க வேண்டும். அந்த நுனிக்குப் பின்னால் சாயத்தைத் தேக்கி வைக்க வயிறும் இருக்க வேண்டும். இவை இரண்டையும் பார்த்து வாங்கத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் பழக்கத்தில் வரும்.

இரண்டு வகை ஆட்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த கொலு பொம்மைகளின் உரிந்த மூக்கையும் அழிந்த கண்ணையும் நவராத்திரிக்கு முன் திருத்திவிட நினைக்கும் அம்மாக்களும் அக்காக்களும் ஒரு பக்கம். பிளாஸ்டிக்கிலும் ரெசினிலும் வரும் போர்வீரர், ரோபோ உருவங்களை வாங்கி அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும் தம்பி தங்கைகள் இன்னொரு பக்கம். எங்கள் வீட்டில் இரண்டு கூட்டமும் ஒரே சாப்பாட்டு மேசைக்குத்தான் சண்டை போடுகிறது. பிரஷ் விஷயத்தில் இருவருக்கும் பாடம் ஒன்றே.

முதலில் பொம்மையைப் பாருங்கள்

கடைக்குக் கிளம்பும் முன் பொம்மையைக் கையில் எடுத்து, எந்தெந்த இடத்தில் என்ன வேலை என்று பாருங்கள். பண்ருட்டி, விளாச்சேரிப் பக்கத்துக் கொலு பொம்மைகள் களிமண்ணிலும் காகிதக் கூழிலும் வருகின்றன. கப்பலிலும் பெட்டியிலும் உரசி வரும்போது முதலில் சாயம் போவது நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களில்தான்: மூக்கு நுனி, விரல்கள், கிரீடத்தின் முனை, வீணையின் குடம். ஒரு சாண் உயரப் பொம்மைக்குக் கண் சோற்றுப் பருக்கை அளவாவது இருக்கும். தம்பிகளின் 28 மில்லிமீட்டர் வீரருக்கோ தலை முழுவதுமே நாலைந்து மில்லிமீட்டர்தான். கண் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே.

வேலையை நாலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உடம்பு, புடவை போன்ற பெரிய பரப்பு ஒன்று. சரிகைக் கரை, விபூதிப் பட்டை, வாள் விளிம்பு போன்ற நீளக் கோடு இரண்டு. கண், உதடு, நகம் மூன்று. நகையின் முத்துகள், பொட்டு, மூக்குத்தி போன்ற புள்ளிகள் நான்கு. கடைசி வகைக்குப் பிரஷே வேண்டாம். பல்குச்சியின் நுனியையோ குண்டூசியின் தலையையோ சாயத்தில் தொட்டு வைத்தால் பிரஷ் வைப்பதைவிட வட்டமாக விழும். பொட்டுக்காக மட்டும் மெல்லிய பிரஷ் தேடி அலைகிறவர்கள் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

பிரஷின் உடம்பு

காம்பு, பூண், முடி என்று மூன்று பாகம். பூண் என்பது முடியைக் காம்போடு பிடித்து வைத்திருக்கும் உலோகக் குழல். அதற்குள்ளே பசை போட்டு முடியை இறுக்கியிருப்பார்கள். பூணிலிருந்து வெளியே வந்ததும் முடி கொஞ்சம் புடைத்து, பிறகு படிப்படியாகக் குறுகி நுனியில் முடிய வேண்டும். புடைத்த இடம்தான் வயிறு. பூணில் மூட்டுத் தெரியாமல் இருப்பது நல்லது. மூட்டு வழியே தண்ணீர் இறங்கினால் பசை இளகும், காம்பு ஊறும், நாளைக்கே பூண் ஆடத் தொடங்கும்.

வடிவத்தில் புதியவர்களுக்கு வேண்டியது உருளைப் பிரஷ். உறையில் 'ரவுண்டு' என்று இருக்கும். முக்கால்வாசி வேலை இதிலேயே முடியும். 'லைனர்' என்பது முடி நீளமாக, ஒல்லியாக இருக்கும் வகை. சரிகைக் கரை இழுக்க அதுபோல் வேறு இல்லை. நீளமான முடியில் நிறையச் சாயம் நிற்பதால் கோடு நடுவில் அறாது. ஆனால் கண் எழுதப் புதியவர் கையில் லைனரைக் கொடுத்தால் நுனி எங்கே போகிறது என்று பிடிபடாது. 'ஸ்பாட்டர்' என்ற குட்டை முடி வகையும் உண்டு. பிடிமானம் நன்றாக இருக்கும், சாயம் நிற்காது. எனக்கு அது அவ்வளவாக ஒத்துவரவில்லை. தட்டைப் பிரஷ் வார்னிஷுக்கும் பீடத்துக்கும் போதும்.

என்ன முடி?

இங்கேதான் விலை பத்து மடங்கு ஏறுகிறது. ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நுண்வேலைக்குப் பெயர்போனது கோலின்ஸ்கி. சைபீரியாவிலும் வடகிழக்குச் சீனாவிலும் வாழும் வீசல் என்ற சிறு விலங்கின் வால் முடி அது. விலங்கு முடியின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. அவற்றுக்கிடையே ஈரம் பிடித்து நிற்பதால் சாயம் மொத்தமாகக் கொட்டாமல் சீராக இறங்கும். அதோடு ஒவ்வொரு முடியும் நடுவில் தடித்து நுனியில் இயல்பாகவே கூராக முடிகிறது. நல்ல பிரஷ் செய்கிறவர்கள் அந்த இயற்கை நுனியைக் கத்தரிப்பதே இல்லை. முடிகளைக் கையால் அடுக்கித்தான் வடிவம் கொண்டுவருவார்கள். வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனத்தின் சீரீஸ் 7, பிரான்சின் ரஃபயேல் 8404, ஜெர்மனியின் டா வின்சி மேஸ்ட்ரோ ஆகியவை இந்த வரிசையில் வருபவை. சீரீஸ் 7 பிறந்த கதை சுவாரசியமானது. 1866இல் விக்டோரியா மகாராணிக்காகச் செய்யப்பட்டது, அவருக்குப் பிடித்த அளவு 7 என்பதால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். மகாராணி நீர்வண்ணத்தில் நிலக்காட்சி தீட்டியவர், நாம் மூக்குத்தி வைக்கிறவர்கள். ஆனாலும் தடித்த பிரஷும் ஊசி நுனியில் முடியும் என்பதற்கு அந்த 7ஆம் அளவே சாட்சி.

செயற்கை முடி என்றால் நைலான் அல்லது பாலியெஸ்டர் இழை. விலை குறைவு, உறுதி அதிகம், தண்ணீரில் கலந்து பூசும் அக்ரிலிக் சாயத்தைத் தாங்கும். குறை என்னவென்றால் கொஞ்ச நாளில் நுனி ஒரு பக்கமாகக் கொக்கி போல வளைந்துகொள்ளும். இழை பிளாஸ்டிக் ஆனதால் உரசலிலும் அழுத்தத்திலும் வளைந்த வாக்கிலேயே நின்றுவிடுகிறது. சூடான நீரில் நுனியைச் சில நொடி காட்டி, விரலால் நீவி நேராக்கினால் இன்னும் சில நாள் ஓடும். கொதிநீர் வேண்டாம், பூணுக்குள் இருக்கும் பசை இளகிவிடும்.

புதியவர்களுக்கு என் பேச்சு இதுதான்: முதல் பிரஷ் செயற்கை முடியாகவே இருக்கட்டும். பிரஷைக் கெடுத்துக் கெடுத்துத்தான் பிடிக்கப் பழகுவோம்; ஐம்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போகும் கோலின்ஸ்கியை அதற்குப் பலி கொடுக்க வேண்டாம். நவராத்திரி விரதத்தில் விலங்கு முடியால் அம்பாள் முகத்தைத் தொட மனம் ஒப்பாதவர்களுக்கும் செயற்கை முடியே சரி. இப்போது வரும் நல்ல செயற்கைப் பிரஷ்களில் கண் எழுதுவதில் ஒரு குறையும் இல்லை, அடிக்கடி மாற்ற வேண்டும் என்பதைத் தவிர.

முடி பற்றி இரண்டு எச்சரிக்கை. பன்றி முடிப் பிரஷ் நுண்வேலைக்கு ஆகவே ஆகாது. முரட்டு முடி, கூர் நிற்காது. நம் நாட்டில் பன்றி, நாய் உறுப்புகளில் செய்த பொருள்களை முறையாகக் குறிப்பிட்டுத் தனியாக வைத்து விற்க வேண்டும் என்ற ஆணை 2013இலிருந்து இருக்கிறது. 2017 பிப்ரவரியில் உள்நாட்டு வாணிப அமைச்சு கடைகளைச் சோதித்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிரஷ்களைப் பறிமுதல் செய்தது பலருக்கு நினைவிருக்கும். மலாய்த் தோழிகளோடு சேர்ந்து உட்கார்ந்து சாயம் அடிக்கிறவர்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் உறையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, சென்னைக்குப் போகும்போது வாங்கிவரும் பிரஷ். கீரி முடியில் செய்த ஓவியப் பிரஷ்கள் அங்கே ஒரு காலத்தில் சாதாரணமாக விற்றன. இந்தியாவில் கீரி சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதன் முடியில் பிரஷ் செய்வதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். முடி பழுப்பாக, நுனி மட்டும் வெளிறி இருந்து, விற்கிறவர் குரலைத் தாழ்த்திப் பேசினால் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அளவு

எண் பெரிதாகப் பெரிதாகப் பிரஷ் தடிக்கும். 1க்குக் கீழே 0, அதற்குக் கீழே 00, 000. இதை 2/0, 3/0 என்றும் எழுதுவார்கள். இந்த எண்களுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 1 இன்னொன்றின் 2 அளவுக்கு இருக்கும். ரஃபயேலின் 1 வின்சர் நியூட்டனின் 1ஐ விடத் தாட்டியாக இருக்கும். ஆகவே எண்ணை நம்பி ஆன்லைனில் வாங்குவதைவிட, முடியின் நீளமும் விட்டமும் மில்லிமீட்டரில் போட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள்.

கொலு பொம்மைக்கு 2, 1 இரண்டும் போதும். 28 மில்லிமீட்டர் வீரருக்கு 1, 0. அதற்கும் கீழே போக ஆசை வந்தால், உங்கள் 1ஆம் எண் பிரஷின் கூர் போய்விட்டதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும்.

கடையில் சோதிப்பது

புதுப் பிரஷ் விறைப்பாக, அழகான கூரோடு இருக்கும். அந்த அழகை நம்பாதீர்கள். கொண்டுவரும் வழியில் முடி கலையாமல் இருக்க லேசாகப் பசை தோய்த்திருப்பார்கள். பசை போன பிறகு தெரிவதுதான் அதன் குணம். ஓவியப் பொருள் மட்டும் விற்கும் கடைகளில் கேட்டால் ஒரு கோப்பைத் தண்ணீர் தருவார்கள். ஈப்போவில் ஒரு கடையில், "தவுக்கே, தண்ணியில நனைச்சுப் பார்க்கலாமா?" என்று கேட்டதற்குக் கடை முதலாளியே ஒரு மங்கில் தண்ணீரும் காகிதமும் எடுத்து வைத்தார். விலை கூடிய பிரஷ் என்றால் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

நனைத்து, பசை கரையும்வரை தண்ணீரில் சுழற்றுங்கள். வெளியே எடுத்து மணிக்கட்டால் ஒரே உதறு. முடி எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒற்றை நுனியாக நிற்க வேண்டும். வெள்ளைக் காகிதத்தின் முன் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். நுனி இரண்டாகப் பிளந்தாலும், ஒரு முடி மட்டும் தனியே துருத்தினாலும் அடுத்ததை எடுங்கள். பிறகு விரல் நகத்தின் மேல் நுனியை லேசாக அழுத்தி வளைத்து விடுங்கள். உடனே நிமிர வேண்டும். வளைந்தபடியே கிடந்தால் கண்ணிமைக் கோட்டில் அது உங்களைக் கைவிடும். ஒரே பெயர், ஒரே எண், ஒரே விலையில் இருக்கும் ஐந்து பிரஷில் இரண்டு சுமாராக இருப்பது சகஜம். அதனால்தான் நேரில் வாங்கச் சொல்கிறேன்.

நனைக்க விடாத கடையில் கண்ணால் பார்க்கக்கூடியது மூன்று: முடியைக் காக்கும் பிளாஸ்டிக் குழாய் இருக்கிறதா, பூண் ஆடுகிறதா, குழாயைத் திரும்பப் போடும்போது மடங்கிய முடி ஏதும் உண்டா.

எவ்வளவு செலவாகும், எங்கே கிடைக்கும்

எங்கள் பக்கத்துச் சின்ன டவுன்களில் ஓவியக் கடை கிடையாது. மிஸ்டர் டிஐஒய் என்ற சாமான் கடை உண்டு, எழுதுபொருள் கடை உண்டு, பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை உண்டு. மிஸ்டர் டிஐஒய்யில் சில வெள்ளிக்கு ஒரு கட்டாகக் கிடைக்கும் நைலான் பிரஷ்களைக் கேவலமாக நினைக்காதீர்கள். அடிச்சாயத்துக்கும், சாயம் கலக்கவும், பசை தடவவும் அவை வேண்டும். அந்தக் கட்டிலேயே ஒன்றிரண்டு நல்ல கூரோடு மாட்டும். அதைத் தனியே எடுத்து வையுங்கள். பசார் மாலாமில் நகப்பூச்சுச் சாமான் விற்கும் கடையில் கேட்டால், நகத்தில் கோலம் போடும் லைனர் கிடைக்கும். சரிகைக் கரைக்கு அது அருமையாக வேலை செய்கிறது, விலையும் ஒன்றிரண்டு தே தாரிக் (டீ) காசுதான். கன்னத்துக்குப் பவுடர் போடும் பழைய மேக்கப் பிரஷ் வீட்டில் இருந்தால் எறியாதீர்கள். சாயத்தைத் துடைத்துவிட்டு மேடான இடங்களில் மட்டும் உரசும் உலர்பூச்சுக்கு அதைவிட நல்ல பிரஷ் இல்லை.

காசு கொடுத்து வாங்க வேண்டியது: நல்ல செயற்கை முடியில் உருளை 2 ஒன்று, உருளை 1 அல்லது 0 ஒன்று. இரண்டும் ஈப்போவிலோ, கோலாலம்பூருக்குப் போகிறவர்களிடம் சொல்லியோ. கைக்குப் பழக்கம் வந்ததும் கோலின்ஸ்கியில் 1 ஒன்று போதும்.

ஷாப்பி ஆன்லைன் கடையில் கோலின்ஸ்கி என்ற பெயரில் ஒரு டஜன் பிரஷ் இருபது வெள்ளிக்கு வருகிறதே என்று கேட்பார்கள். அந்த விலைக்கு அந்த முடி வராது. நைலானுக்குச் செம்பழுப்புச் சாயம் ஏற்றியதாகத்தான் இருக்கும். நைலான் என்று தெரிந்தே வாங்கினால் தப்பில்லை.

முதல் நாள்

சாயத்தைப் புட்டியிலிருந்து எடுத்த கட்டியிலேயே பூசினால் எந்தப் பிரஷும் கோடு போடாது. தண்ணீர் விட்டுப் பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். சாயம் சீக்கிரம் காயாமல் இருக்க, மூடியுள்ள சாப்பாட்டு டப்பாவில் டிஷ்யூவை ஈரமாக்கி விரித்து, மேலே கேக் சுடும் தாளைப் பரப்பி, அதன்மேல் சாயத்தை வையுங்கள். மூடி வைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும். காற்றாடியை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். முடியாவிட்டால் காற்று படாத மூலைக்கு மேசையைத் தள்ளுங்கள்.

பிரஷை முதலில் தண்ணீரில் நனைத்து, துணியில் ஒற்றி, பிறகு சாயம் எடுங்கள். முடியின் பாதிக்கு மேல் சாயம் ஏறக் கூடாது. டிஷ்யூவில் ஒருமுறை நுனியை உருட்டி இழுத்தால் கூர் திரும்ப வரும், அதிகச் சாயமும் போகும். கண்ணில் வைப்பதற்கு முன் கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். நகத்தில் எப்படி விழுகிறதோ அப்படித்தான் முகத்திலும் விழும்.

இரண்டு முழங்கையும் மேசையில் ஊன்றி, இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பொம்மையும் பிரஷும் சேர்ந்தே அசையும், நடுக்கம் தெரியாது. கண்ணுக்கு முதலில் வெள்ளை. சுத்த வெள்ளையில் ஒரு துளி பழுப்புக் கலந்தால் முறைப்பது போல இருக்காது. பிறகு மேலிமைக் கோடு, கடைசியில் கருவிழி. கருவிழியின் மேற்பகுதி இமைக் கோட்டைத் தொட வேண்டும். நடுவில் தனியாக மிதந்தால் சரஸ்வதி பயந்துபோனவளாகத் தெரிவாள்.

கூர் கொண்டுவரப் பிரஷை உதட்டில் வைக்கும் பழக்கம் பழைய கைகாரர்களிடம் உண்டு. வேண்டாம். சில சாயங்களில் காட்மியம் போன்ற உலோகங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1917ஐ ஒட்டிய ஆண்டுகளில் கடிகார முகப்புக்கு ஒளிரும் ரேடியம் சாயம் பூசிய பெண்கள் பலர், இப்படி உதட்டில் வைத்துக் கூராக்கித்தான் தாடை எலும்பு அரித்து மாண்டுபோனார்கள். நம் சாயம் அவ்வளவு கொடியதில்லை. ஆனாலும் ஈரத் துணி பக்கத்திலேயே இருக்கும்போது உதடு எதற்கு?

பிரஷ் சாகாமல் பார்த்துக்கொள்வது

பிரஷைக் கொல்வது பெரும்பாலும் பூணுக்குள் ஏறிக் காயும் அக்ரிலிக். அது உள்ளே கட்டியானதும் முடி அடியில் விரிந்து, நுனி பிளந்துவிடும். சில நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரில் அலசினாலே பாதி ஆயுள் கூடும். பிரஷைத் தண்ணீர் மங்கில் தலைகீழாக நிறுத்திவிட்டுப் போன் பேசப் போகாதீர்கள். நுனி அடியில் முட்டி வளைந்துவிடும், காம்பும் ஊறும்.

வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரில் அலசி, உள்ளங்கையில் கொஞ்சம் குழந்தைச் சவர்க்காரம் தேய்த்து, அதில் பிரஷை மெதுவாகச் சுழற்றுங்கள். நுரையில் நிறம் வருவது நிற்கும்வரை. நன்றாக அலசி, விரலால் கூராக்கி, படுக்க வைத்துக் காயவிடுங்கள்.

நம் ஊர் ஈரக்காற்றுக்கு ஒரு தனிக் குறிப்பு: ஈரம் காய்வதற்கு முன் பிளாஸ்டிக் குழாயைப் போட்டு மூடினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். ஓர் இரவு திறந்தே கிடக்கட்டும், மறுநாள் குழாயைப் போடுங்கள், அதுவும் ஒரு முடிகூட மடங்காமல். விலங்கு முடிப் பிரஷை மாதக்கணக்கில் பெட்டியில் வைக்கிறவர்கள் கூடவே ஒரு ரச கற்பூர உருண்டை போடுங்கள். கம்பளித் துணியை அரிக்கும் பூச்சிக்குக் கோலின்ஸ்கியும் ருசிதான்.

நல்ல பிரஷ் தொடக்கூடாதவை சில உண்டு. தங்கச் சாயம்: அதிலுள்ள மினுக்குத் துகள் முடிக்குள் தங்கி, அடுத்து எழுதும் கருவிழியில் பளிச்சென்று வந்து உட்காரும், அதற்குத் தனிப் பிரஷ், தனித் தண்ணீர். கதவுக்கு அடிக்கும் எண்ணெய்ச் சாயமும் தின்னரும்: விலங்கு முடி வறண்டு உடையும். உலர்பூச்சு, சாயம் கலக்குதல், பசை: இவற்றுக்கெல்லாம் கிழடுகள் போதும்.

கிழட்டுப் பிரஷ்களைத் தூக்கி எறியாமல் கீழ் வேலைக்கு இறக்கிக்கொண்டே வாருங்கள். கூர் போன 1 புடவைக்கு அடிச்சாயம் பூசும். அதுவும் விரிந்தால் உலர்பூச்சு. அதற்கும் ஆகாவிட்டால் பீடத்தில் மணல் ஒட்டப் பசை தடவும். எது எந்த வேலைக்கு என்று குழம்பாமல் இருக்கக் காம்பில் நிற டேப் சுற்றி, மைலோ டின்னில் தனியாகப் போட்டு வையுங்கள். வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் கண் எழுதும் பிரஷ் மட்டும் அந்த டின்னில் வேண்டாம், வேறெங்காவது ஒளித்து வையுங்கள்.